உதடு பின்னால் வருகிறது

இரண்டு டேக் போயிற்று. இரண்டிலும் ஓடுகிற பாட்டுக்கு உதடு பின்னால் வந்தது. யாருடைய பாட்டுக்கு? அவளுடைய சொந்தப் பாட்டுக்கு, போன மாதம் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்குக்கு முன்னால் நின்று அவளே பாடிய பாட்டுக்கு. செசிலிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் தட்சணா காலையிலிருந்து பார்த்துப் பார்த்துப் பூசிய மேக்கப் கன்னத்தில் வெடித்துவிடும், அவன் மறுபடி பஞ்சைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவான் என்று அடக்கிக்கொண்டாள். எழுபதைத் தாண்டியவளுக்கு மேக்கப் போடுவது சுவருக்கு வெள்ளையடிப்பது மாதிரி, விரிசலை மறைக்கலாம், ஆனால் சுவர் அசையக் கூடாது. அவள் அசையாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே பழைய காலத்து ஓட்டல் நடன அறை ஒன்றைச் செட் போட்டிருந்தார்கள். சரவிளக்கு பிளாஸ்டிக், திரைச்சீலை மட்டும் நிஜம், பியானோ வெறும் ஒட்டுப்பலகை. முதல் டேக்கில் தெரியாமல் அதன்மேல் சாய்ந்துவிட்டாள், அது கடகடவென்று ஆடியது. கோட்டு மாட்டிய துணை நடிகர்கள் மேசைக்கு மேசை உட்கார்ந்து கலர் தண்ணீர் கிளாஸ்களைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் கோட்டோடு தூங்கியே போய்விட்டார். "கொஞ்ச நேரம் மேடம், லைட் மாத்துறோம்" என்று சொல்லிவிட்டுப் போனான் டைரக்டர் இளம்பரிதி. நல்ல பையன், பொய் சொல்லத் தெரியாது. சினிமாவில் நடிகையிடம் வந்து லைட் மாற்றுகிறோம் என்று சொன்னால் பாதி நேரம் மாற்றப்போவது லைட்டை அல்ல. அந்த மூலையில் கேமராமேன் ஃபெரோஸும் அவனும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஃபெரோஸ் மெதுவாகத்தான் பேசினான், ஆனால் செசிலியின் காது வாத்தியக்காரர்களுக்கு நடுவில் வளர்ந்த காது. "இன்னொரு டேக் பார்ப்போம் சார். அதுவும் இப்படியே போச்சுன்னா கேமராவை இவங்க முதுகுப் பக்கம் வெச்சிரலாம். ஹீரோ ரியாக்‌ஷன்ல போயிடலாம், வாய்ஸ் மட்டும் ஓடட்டும்." இளம்பரிதி மாட்டேன் என்று சொல்லவில்லை.

முதுகு. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. ஐயா, என் முதுகை உங்கள் அப்பா தலைமுறையே பார்த்தாகிவிட்டது, இன்னும் எத்தனை தலைமுறைக்குக் காட்டுவேன். அப்போதும் இப்படித்தான், இதே வடபழனிப் பக்கம், வேறொரு ஸ்டுடியோ, வேறொரு பொய் ஓட்டல். கிளப்பில் பாடுகிற பெண்ணாக நடிக்க, நிஜமாகவே ஓட்டலில் பாடுகிற பெண்ணைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டுவிட்டு, பாட்டை மட்டும் வேறொரு அம்மாளைப் பாட வைத்தார்கள். கேட்டதற்கு மியூசிக் டைரக்டர் அன்பாகத்தான் சொன்னார்: "உன் குரல் நல்ல குரல்தாம்மா, ஆனா அது நம்ம வீட்டுக் குரலா இல்லையே." வீட்டுக் குரலாம். கோலார் தங்கவயலில் தகரக் கூரை வீட்டில் தமிழில் ஜெபம் சொல்லி, தமிழில் திட்டு வாங்கி வளர்ந்தவளுக்கு எந்த வீட்டுக் குரல் என்று அவரே சொல்லியிருக்கலாம். அந்த அம்மாள் நன்றாகவே பாடியிருந்தார், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். தாளம் விழுகிற இடத்தில் சொல் விழும், ஆணி அடித்த மாதிரி. செசிலிக்கோ தாளம் விழுந்து, அது தரையில் உருண்டு, அதற்குப் பிறகுதான் சொல் வரும். ஓட்டலில் அதற்குத்தான் கைதட்டினார்கள். ஸ்டுடியோவில் அதற்கே கத்தினார்கள். "உதடு பின்னாடி வருது, கட்! ஏம்மா, பாட்டு முன்னாடி போகுது, நீ எங்க போற?" என்று அந்த டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். ஃபிலிம் வீணாகிறது என்று எல்லோரும் அவளையே பார்த்தார்கள். கடைசியில் அவளைத் திருப்பி நிற்கவைத்து முதுகைப் படம் பிடித்தார்கள். கறுப்புச் சட்டை, பின்னால் ஆழமாக வெட்டியது, கையில் ஒரு கிளாஸ். படம் நன்றாக ஓடியது. அப்புறம் வந்த படங்களிலெல்லாம் அந்த முதுகுக்குத்தான் அழைப்பு வந்தது. முகம் தெரிந்த இடங்களில் அடுத்தவர் குரல், அதுவும் ஒன்றிரண்டு வரி. அவளுடைய குரலோ அதே சமயம் வேறு எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது: ஒரு கதாநாயகி குளிரில் நடுங்கினாள் என்றால் அந்த நடுக்கம் செசிலி, இன்னொருத்தி மயங்கி விழுமுன் விட்ட பெருமூச்சு செசிலி, மலைச்சரிவில் யாரோ ஓடும்போது கேட்ட லல்லல்லா அத்தனையும் செசிலி. ஹம்மிங் செசிலி என்று வாத்தியக்காரர்கள் செல்லமாகக் கூப்பிட்டார்கள். ஊருக்கெல்லாம் மூச்சு விட்டவள், தன் முகத்துக்கு ஒரு மூச்சு விட்டதில்லை. இதை நினைத்து அழுதிருக்கிறாளா என்றால் அழுதிருக்கிறாள், மூடி மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் அழுது முடித்துவிட்டு அன்று சாயங்காலமே ஓட்டலில் போய்ப் பாடினாள். நன்றாகவும் பாடினாள். அது யாராலும் பிடுங்க முடியாத விஷயம், நான் நன்றாகப் பாடுகிறவள், அது எனக்குத் தெரியும், இந்தத் தட்சணாவின் பஞ்சுக்குத் தெரியாவிட்டால் போகட்டும்.

"அம்மா, கொஞ்சம் தலையைத் தூக்குங்க" என்றான் தட்சணா. கழுத்தில் ஒற்றினான். பஞ்சு சில்லென்று இருந்தது. உதவி டைரக்டர் பெண் வதனா பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு போனை நீட்டினாள். "மேடம், பாட்டை இன்னொரு தடவை கேட்டுக்கிறீங்களா? அந்த ஒரு லைன்லதான் மிஸ் ஆகுது. மத்ததெல்லாம் பக்கா." தெரியும் கண்ணே, எந்த வரி என்று எனக்குத் தெரியாதா. காதில் மாட்டிக்கொண்டாள். பியானோ வந்தது, பிறகு அவளே வந்தாள். தன் குரலைக் கேட்பது அவளுக்கு எப்போதுமே பிடிக்காது, அடுத்தவள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்ட மாதிரி எங்கேயாவது இறுக்கும். ஆனால் இது மோசமில்லை. கொஞ்சம் கரகரப்பு, அடியில் நல்ல கனம், இந்த வயதில் இந்தக் கனத்துக்கு எத்தனை பேர் தவம் கிடக்கிறார்கள். 'சாத்தாதே கதவை' என்று பாடிவிட்டு அந்தக் குரல் நின்றது. நின்றது. பியானோ தனியாகக் கொஞ்சம் நடந்து போனது, திரும்பிப் பார்த்தது. அதற்கு அப்புறம்தான் 'வந்துகொண்டே இருக்கிறேன்' வந்தது. ஏன் அங்கே அவ்வளவு நேரம் நின்றேன்? மறுபடி போடச் சொன்னாள். சாத்தாதே கதவை, நின்றது, நின்றது, இப்போது வரும் என்று உதட்டைப் பிரித்தாள், வரவில்லை, மூடினாள், வந்துவிட்டது. சனியன். அடுத்தவர் பாட்டென்றால் மனப்பாடம் பண்ணிவிடலாம், இந்த அம்மாள் இந்த இடத்தில் மூச்சு விடுவார், இந்த இடத்தில் இழுப்பார் என்று. தன்னை எப்படி மனப்பாடம் பண்ணுவது? ஒரே பாட்டை இரண்டு தடவை ஒரே மாதிரி பாடினதே கிடையாது, பாடினால் ஓட்டல் பாண்டில் டிரம்ஸ் வாசித்த பெர்சி குச்சியால் அவள் முழங்காலில் தட்டுவான். அன்று ரெக்கார்டிங்கில் என்ன நினைத்துக்கொண்டு நின்றேன், அதைப் பிடித்தால் இதைப் பிடித்துவிடலாம். வெளியே மதியச் சாப்பாட்டு வண்டி வந்த சத்தமா, அது இல்லை, அந்த அறைக்குள் சத்தமே நுழையாது. வரி மறந்துவிட்டதா, அதுவும் இல்லை, தாள் கையில் இருந்தது. சாத்தாதே கதவை. கதவு. எந்தக் கதவு? வதனா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவை போடட்டுமா மேடம்?" வேண்டாம் என்று தலையாட்டினாள்.

கதவு என்றால் அப்பா ஏறி இறங்கிய சுரங்கக் கூண்டின் கதவுதான், வேறென்ன. இரும்புக் கம்பிக் கதவு, அதைத் தள்ளித் திறக்கும் சத்தம் குவார்ட்டர்ஸ் வரை கேட்கும். ஷிஃப்ட் முடிந்தால் சங்கு ஊதும். சங்கு ஊதினால் அப்பா வந்துவிட்டார் என்று மற்றப் பிள்ளைகள் தெருவில் ஓடும், செசிலிக்கு அங்கேதான் பயமே தொடங்கும். சங்கு மேலே ஊதுகிறது, அப்பா கீழே இருக்கிறார், அவ்வளவு ஆழத்திலிருந்து கூண்டு ஆட்களை முறை வைத்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். சில நாள் பூமிக்குள்ளே பாறை வெடிக்கும், வீட்டில் அடுக்கிய பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும், பெண்கள் எல்லோரும் செய்கிற வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வருவார்கள். சங்கு ஊதி முடிந்த பிறகு, அப்பாவின் தலை தெருமுனையில் தெரிகிற வரைக்கும் ஒரு நேரம் இருந்ததே, அது இன்னும் அவள் வயிற்றில் அப்படியே இருக்கிறது. அழுதுகொண்டு நிற்பாள். அப்பா தானியேல் விளக்குத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் தூசியோடு, அவசரமே இல்லாமல் வருவார். "இன்னாத்துக்கும்மா அழுவுற? கூண்டு மேல வர்றதுக்கு நேரமாவாதா?" நேரமாகும் அப்பா, நேரமாகும், ஆனால் வந்துவிடுவீர்கள். ஒவ்வொரு தடவையும் வந்தார். கடைசியில் ஓய்வு பெற்று, காசநோய் ஆஸ்பத்திரியில் படுத்துத்தான் போனார், சுரங்கம் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் துரைமார் கிளப்பில் நாற்காலி அடுக்கப் போவார், கூடவே அவளும் போவாள். அங்கே பாண்டு வாசித்தார்கள். ஒரு வெள்ளைக்காரி பாடினாள், பெயர்கூடத் தெரியாது, பல் கொஞ்சம் எடுப்பாக இருக்கும். டிரம்ஸ் அடித்தது, அவள் வரவில்லை. ஐயோ விட்டுவிட்டாளே. வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள். நாற்காலிகளுக்கு நடுவில் நின்ற செசிலிக்கு அன்றைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. பயந்துகொண்டு நிற்கிற அந்த நேரத்தை வைத்து இப்படியும் ஒன்று செய்யலாம் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

அதைத்தான் மெட்ராஸில் பெர்சி கண்டுபிடித்தான். மவுண்ட் ரோடு ஓட்டலில் அவள் முதல் நாள் பாடிய அன்று மற்ற வாத்தியக்காரர்கள் எல்லாம் அவளுக்குத் தாளம் தெரியவில்லை என்று முகத்தைச் சுளித்தார்கள். பெர்சி மட்டும் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து பல்லைக் காட்டினான். "நீ எப்ப வேணும்னாலும் வா மேன். நான் இங்கதான் இருக்கேன்." பெரம்பூர் பையன், ஆண் பெண் எல்லோரையும் மேன் என்றுதான் கூப்பிடுவான். அவன் அசையாமல் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருப்பான், அவள் அதைச் சுற்றி இஷ்டத்துக்கு அலைந்துவிட்டு வருவாள், ஒருநாளும் அவன் அவளைத் துரத்தியதில்லை. கல்யாணம் என்று ஒன்று பண்ணியிருந்தால் அவனைத்தான் பண்ணியிருப்பாள். அவன் வீட்டார் எல்லோரும் ஆஸ்திரேலியா புறப்பட்டபோது, வா என்றான். ஒரு படத்தில் முழுப் பாட்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், சொந்தக் குரலில், அதை முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். மீனம்பாக்கத்தில் அவன் அவள் தலையில் கையை வைத்து, "லேட்டா வா, ஆனா வா" என்றான். அந்தப் பாட்டு அந்தப் படத்தில் வரவே இல்லை. அவளும் போகவில்லை. வருத்தம் இருக்கிறதா? இருக்கிறது. இல்லாமல் என்ன. ஆனால் மெல்போர்னில் அவனுக்கு இட்லி அவித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் செசிலியை நினைத்துப் பார்த்தால் அவளுக்கே கொட்டாவி வருகிறது. இங்கேயே இருந்தேன், பாடினேன், ஓட்டலில் பாட்டையே நிறுத்திவிட்டு டி.வி. மாட்டும் வரைக்கும் பாடினேன். பிறகு கல்யாண வரவேற்புகளில், தேவாலயத்தில், விளம்பரத்துக்குச் சோப்பு நுரை மாதிரி ஒரு ஹம்மிங். இந்தப் பையன் இளம்பரிதி எங்கேயோ என் குரலைக் கேட்டுவிட்டு வீடு தேடி வந்து, முகமும் நீங்கள்தான் குரலும் நீங்கள்தான் என்று சொன்னபோது அவனுக்குக் காபி போடப் போன இடத்தில் அடுப்பைப் பற்றவைக்கவே மறந்துபோய் நின்றேனே. முகமும் நீங்கள்தான், குரலும் நீங்கள்தான். அதைக் கடைசியில் ஒரு முதுகுக்குள் மடித்து வைக்கப் போகிறார்களா?

சாத்தாதே கதவை. அன்று அங்கே ஏன் நின்றாள் என்று இப்போது தெரிந்துவிட்டது, அப்பாவின் தலை தெரிகிற வரைக்கும் நின்றிருக்கிறாள். தெரிந்து என்ன பிரயோஜனம்? அன்றைக்குக் கூண்டு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது. இன்றைக்கு வேறு நேரம் எடுக்கும். எவ்வளவு என்று முன்கூட்டித் தெரிந்தால் அது காத்திருப்பே இல்லை, தெரிந்துகொண்டு நின்றால் வாய் பொய் சொல்லும், பொய் சொல்கிற வாய் பின்னால்தான் வரும். அப்படியானால் இந்த டேக்கும் போய்விடும், இதற்கு அடுத்ததும் போய்விடும். கைகளை மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள். மோதிரம் தளர்ந்து சுற்றியது. வயதாகிவிட்டது, அதனால்தான் பிடிக்க முடியவில்லை என்று இவர்கள் நினைப்பார்கள். வயதா? இருபத்தைந்து வயதில் என்னவோ பிடித்துக் கிழித்த மாதிரி. நான் அப்போதும் பின்னால்தான் வந்தேன். அப்போது நான் தப்பு என்று நினைத்துக்கொண்டேன், அதுதான் தப்பு. தொப்பியைத் தரையில் அடித்த அந்த ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் திரும்பி நின்று முதுகைக் காட்டினேன். இன்றைக்குச் சொன்னால் என்ன ஆகும்? துரத்திவிடுவார்களா, விடட்டும், ஆட்டோ பிடித்துப் போய்விடலாம், வீட்டில் ரசம் இருக்கிறது. "ஷாட் ரெடி" என்று யாரோ கத்தினார்கள். தூங்கிய கோட்டுக்காரர் விழித்துக்கொண்டு கிளாஸைப் பிடித்தார். செசிலி எழுந்தாள். முழங்கால் ஒரு சத்தம் போட்டது, அதைப் பொருட்படுத்தவில்லை.

"இளம்பரிதி, இங்க வாப்பா."

அவன் வந்தான், நெற்றியெல்லாம் வியர்வை. "சொல்லுங்க மேடம். டென்ஷனே வேணாம், நிதானமா பண்ணலாம்."

"எனக்கு ஒரு டென்ஷனும் இல்லை. நாக்ராவுல என் பாட்டைப் போடாதே." பாட்டை ஓடவிடுகிற பெட்டிக்கு அவள் இன்னும் அந்தப் பழைய பெயரைத்தான் சொன்னாள், இப்போது அது ஒரு பையனின் மடியில் இருக்கும் லேப்டாப். "பியானோவைத் தனியா வெச்சிருக்கீங்கல்ல? அதை மட்டும் என் காதுல விடு. நான் இங்கயே பாடுறேன். கேமரா ஓடட்டும்."

"லைவ்வாவா?" அவன் ஃபெரோஸைத் திரும்பிப் பார்த்தான். "மேடம், ஏசி நிறுத்தணும், ஃபேன் நிறுத்தணும், இத்தனை பேர் மூச்சுவிடாம இருக்கணும். அன்னைக்கு ரெக்கார்டிங்ல அவ்வளவு அழகா வந்திருக்கு. அந்த மாதிரி மறுபடி வரலேன்னா?"

"அந்த மாதிரி வராது. நான்தான் சொல்றேனே, வராது. வேற மாதிரி வரும்." சொல்லிவிட்டு ஃபெரோஸையும் பார்த்தாள். "நான் எப்பவும் பின்னாடிதான்பா வருவேன். அது தப்பு இல்லை. அதுதான் நான் பாடுற விதம். அன்னைக்கு இதைச் சொல்லத் தெரியாம முதுகைக் காட்டினேன். இன்னைக்குக் காட்டறதா இல்லை."

ஃபெரோஸ் தரையைப் பார்த்தான். மூலையில் தான் பேசியது இவளுக்குக் கேட்டுவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. இளம்பரிதி தலையைச் சொறிந்தான், சிரித்தான், பிறகு ஏசியை அணைக்கச் சொல்லிக் கத்தினான்.

ஏசி நின்றதும் இத்தனை நேரம் கேட்காத சத்தமெல்லாம் கேட்டது, நாற்காலியின் முனகல், யாரோ வயிற்றில் ஓடிய பசி. வதனா பொய்முடிக்கு அடியில் காதுக்குள் ஒரு சின்னப் பொத்தானைச் செருகினாள், சேலை மடிப்பில் மைக்கை ஒளித்தாள். செசிலி அந்த ஒட்டுப்பலகைப் பியானோவின் பக்கத்தில் போய் நின்றாள், அதன்மேல் சாயவில்லை. விளக்கு முகத்தில் அடித்தது. பியானோ காதில் வந்தது, அவளுக்கு மட்டும். இந்த அறையில் இவ்வளவு பேருக்கும் கேட்காத பியானோவுக்கு நான் பாடப்போகிறேன் என்று நினைத்தபோது மேஜிக் காட்டுகிறவளின் திமிர் அவளுக்கு வந்தது, வரட்டும், வேண்டியதுதான். முதல் வரி நல்லபடியாகப் போனது. இரண்டாவது அதைவிட. கோட்டுக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். சாத்தாதே கதவை. சங்கு ஊதிவிட்டது. நின்றாள். பியானோ நடந்து போனது, அன்றைக்குத் திரும்பிப் பார்த்த இடத்தில் திரும்பிப் பார்த்தது, அவள் வரவில்லை. ஃபெரோஸின் கண் கேமராவிலிருந்து ஒரு கணம் எழுந்ததை அவள் பார்த்தாள். இளம்பரிதியின் வாய் திறந்துகொண்டது. விட்டுவிட்டாள் என்று நினைக்கிறார்கள். பயப்படுங்கள், நன்றாகப் பயப்படுங்கள், நானும் அப்படித்தான் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு நின்றதைவிட இன்னும் கொஞ்சம் நின்றாள். கம்பிக் கதவு திறந்தது. வந்துகொண்டே இருக்கிறேன் என்று அவள் வந்தாள், அவசரமே இல்லாமல், சிரித்துக்கொண்டு, முகமும் குரலும் ஒன்றாக. மேக்கப் வெடித்திருக்கும். வெடிக்கட்டும். மீதிப் பாட்டை அவள் பாடிய மாதிரியே தெரியவில்லை, யாரோ வழி விட்டார்கள், நடந்து போனாள், அவ்வளவுதான்.

பாட்டு முடிந்தது. காதில் பியானோவும் ஓய்ந்தது. அவள் இளம்பரிதியைப் பார்த்தாள், அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், சொல்ல வேண்டியதைச் சொல்ல மறந்துபோய். கடைசியில் "கட்" என்றான். நன்றாகவே பின்னால் வந்தது அந்தக் கட்.

பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள், கைதட்டினார்கள், யாரோ ஏசியைப் போட்டார்கள். தட்சணா பஞ்சோடு ஓடிவந்து, எங்கே ஒற்றுவது என்று தெரியாமல் கண்ணுக்கடியில் ஒற்றினான். ஃபெரோஸ் மெல்லக் கிட்டே வந்து, தொழில்காரன் அல்லவா, தயங்கித் தயங்கிச் சொன்னான். "மேடம், பிரமாதம் மேடம். தப்பா நினைக்காதீங்க, எடிட்டிங்ல தேவைப்பட்டா இருக்கட்டும்னு, முதுகுப் பக்கத்துல இருந்து ஒரே ஒரு ஷாட் மட்டும் எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா எடுத்துக்கோப்பா" என்றாள் செசிலி. நாற்காலியைத் தேடிப் போய் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். "முதுகுக்கு நான் எதுக்கு? யாராவது ஒரு டூப்பை நிக்க வெச்சுக்கோ."